சிவப்பில் கொஞ்சம் வெள்ளை

வெள்ளை ஒயின் பீப்பாயில் மட்டம் நாலு விரல் இறங்கியிருந்தது. பீப்பாய்களை அண்ணன் தானே அளக்கத் தொடங்கியது இந்த மாதம்தான்; போன வாரமும் இப்படித்தான்.

அண்ணனுக்குப் பொறி தட்டியது. கிடங்குச் சாவி இருப்பது இரண்டே பேரிடம். அவர், அவர் தம்பி.

"திருட்டுத்தனமா குடிக்கிறானா, வெளியில தள்ளுறானா?" என்று மனைவியிடம் பொருமினார்.

"வெயிலுக்கு வத்தியிருக்கும்ங்க."

"சிவப்பு வத்தலையே! வெள்ளை மட்டும் வத்துமா? நீயும் அவனுக்கு வக்காலத்தா?"

மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் மதியம், வெளியூர் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர், பின்வாசல் வழியாக வந்து காலிப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எதிரே, பல பீப்பாய்ச் சரக்கைச் சேர்த்து காலையில் அவர் கலந்து வைத்த சிவப்பு ஒயின் தொட்டி.

தம்பி வந்தான். தொட்டிக் குழாயில் கொஞ்சம் பிடித்து முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு வெள்ளை ஒயினை ஜாடி ஜாடியாகப் பிடித்து, ஏணியில் ஏறி, சிவப்பில் ஊற்றினான்.

ஆறு ஜாடி!

"டேய்!"

தம்பி ஏணியோடு சேர்ந்து ஆடிப்போனான்.

"என் சரக்குலயே கலப்படமா? என் பேரைக் கெடுக்கச் சொல்லி எவன்டா உன்னை ஏவிவிட்டான்?"

"யாரும் ஏவலைண்ணே."

"பின்னே எதுக்கு ஊத்துற?"

தம்பி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான்.

"சாவியை வெச்சுட்டுக் கிளம்பு. இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். சாவியை வைத்துவிட்டு நடந்த தம்பியை மறித்தாள்.

"இப்பவாவது சொல்லிடுங்க தம்பி."

"வேண்டாம் அண்ணி."

அவள் விடவில்லை. உள்ளே போய் இரண்டு கிளாஸில் சிவப்பு ஒயின் பிடித்து வந்து கணவர் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணு விக்கிறதுக்கு, ஒண்ணு கீழே கொட்டறதுக்கு. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் ஒன்றை முகர்ந்தார். மற்றதை முகர்ந்தார். மறுபடி முதலாவதை.

"இதுதான் நல்லது. இது கூடவா எனக்குத் தெரியாது?"

தம்பி தலையைத் திருப்பிக்கொண்டான். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"அது பூஞ்சை பிடிச்ச பீப்பாய்ல எடுத்ததுங்க. இங்க வரைக்கும் நாறுது."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"நாலு வருஷம் முன்னாடி வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் தெரியலை," என்றார் மெல்ல. "வெளியே தெரிஞ்சா யார் மதிப்பாங்கன்னு மறைச்சுட்டேன். உனக்கு எப்படிடா...?"

"நாலு வருஷமா தெரியும்ண்ணே. நீங்க கலக்கறதுல துவர்ப்பு தூக்கலா இருக்கும், மணம் இருக்காது. வெள்ளை சேர்த்தா ரெண்டும் சரியாயிடும்."

"அப்போ, போன வருஷம் ஒயின் போட்டியில என் பேருக்குப் பரிசு வந்துச்சே... அது?"

தம்பி அவசரமாகச் சொன்னான்:

"அது நீங்களே கலந்ததுதாண்ணே. அந்தத் தடவை நான் கையே வைக்கலை."

அண்ணி அவனையே பார்த்தாள். அந்த வருஷம்தான் அவன் பன்னிரண்டு ஜாடி ஊற்றியிருந்தான்.