மந்திரி வீட்டு விளக்கு

"என் தாயார் அந்த அணைக்குக் கீழேதான் குடியிருக்கிறார், சபாநாயகர் அவர்களே!"

டிவியில் மத்திய அமைச்சர் வேலப்பனின் குரல் தழுதழுத்தது. பெரும்பாறைக்குக் கீழே, அணைக்காடு கிராமத்தில் இருந்த ஒரே டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம்கூட நின்றுபோனது.

நாட்டிலுள்ள பழைய அணைகளின் பாதுகாப்பைப் பற்றித்தான் நாடாளுமன்றத்தில் கேள்வி. எந்த மாநிலத்தைப் பற்றிக் கேட்டாலும் அமைச்சர் தமிழிலேயே மடமடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். கடைசியாக எழுந்த எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்தான் ஊசியை ஏற்றினார்.

"கொள்கையெல்லாம் இருக்கட்டும். உங்கள் சொந்த ஊர் அணையின் மண்கரையே கசிகிறதாமே? அந்த மக்களை ஏன் இன்னும் வெளியேற்றவில்லை?"

அதற்குத்தான் அந்தப் பதில். அதோடும் அவர் நிறுத்தவில்லை.

"ஆபத்து என்றால் பெற்றவளை அங்கே விட்டுவைப்பேனா? இன்று சாயங்காலமும் எங்கள் வீட்டு வாசலில் விளக்கு எரியும். என் ஊர் மக்கள் அதைப் பார்ப்பார்கள்!"

சபையில் மேசைகளைத் தட்டினார்கள். கடைக்காரி சிவபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏலே ஈஸ்வரா, கேட்டியா? பெத்த தாய வச்சு எவனாச்சும் பொய் சொல்லுவானா? மூட்டைய எறக்குலே."

ஈஸ்வரன் வெளியே நின்ற தன் ஜீப்பைப் பார்த்தான். பாத்திரம், பாய், மிளகு மூட்டை, குழந்தையின் தொட்டில் கம்பு எல்லாம் ஏற்றியாயிற்று. மலைக்கு மேலே, வடகவுஞ்சியில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான் பாக்கி. ஊரில் இருந்த வண்டியே அது ஒன்றுதான். அது நகர்ந்தால் ஊரும் பின்னாலேயே நகரும்.

முன்சீட்டில் கைக்குழந்தையோடு அவன் மனைவி ஜெயப்பிரியா உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை.

"எறங்கு ஜெயா. மந்திரியே சொல்லிட்டாரு."

"ஏங்க, காலையில ஓடைத் தண்ணி செவப்பா வந்துச்சு. கரை மண்ணு கரையுதுங்க. மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்கச் சொல்றீங்களா?"

"அவரு அம்மா அங்கதானே இருக்காக! தெனம் வெளக்கப் பாத்துட்டுத்தானே இருக்கோம்."

ஓடையின் எதிர்க்கரையில், அணையின் காலடியில் தனியாக நின்றது மந்திரியின் வீடு. மகன் டெல்லிக்குக் கூப்பிட்டும் போகாமல், அவர் வாங்கிக்கொடுத்த கேஸ் அடுப்பையும் தொடாமல், விறகடுப்பில் பொங்கித் தின்கிற பிடிவாதக்காரி மகாதேவியம்மாள். மழைக்காலம் வந்தால் முட்டிவலியில் வாசலைத் தாண்டமாட்டார். ஆனால் கரை கசிய ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாள்கூட அந்த வாசல் விளக்கு எரியாமல் இருந்ததில்லை. ஊரே அதைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தது.

மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தது. அமைச்சர் சொன்னபடியே எதிர்க்கரையில் விளக்கு எரிந்தது.

"பாத்தியா?" என்றான் ஈஸ்வரன்.

ஜெயப்பிரியா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தாள். "வெளக்கு எரியுது. ஓட்டுக்கு மேல பொகையத்தான் காணோம்."

"மழையில வெறகு நனைஞ்சு கெடக்கும்."

"டிவியில பேசுறவரு பேச்சு எனக்கு வேணாம். நீங்க போயி அந்த அம்மா வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அவுக பயமில்லைன்னு சொன்னா, நானும் பிள்ளையும் இங்கயே கெடக்கோம்."

பெண்டாட்டி சந்தேகத்துக்கு மருந்தே கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பை எடுத்தான். பாலத்தைத் தாண்டும்போது ஓடை அவன் இதுவரை கேட்டிராத சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஜீப் நின்றதுமே வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குடையோடு ஓடிவந்தாள். அவன் பார்த்திராத முகம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியவள், ஒரு வார்த்தை கேட்காமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏன் இம்புட்டு நேரம்? வெரசா எடுங்க. தெனம் வர்ற டிரைவரு வரலையா?"

"நான் கீழ ஊர்க்காரன். நீங்க யாரு?"

"நான் இருளாயி. இங்க வேலைக்கு இருக்கேன்."

"மகாதேவியம்மாவைப் பாக்கணுமே."

"அவுகளையா? அவுகளத்தான் போன மாசமே ராவோட ராவா அழுக அழுகக் காருல ஏத்தி டெல்லிக்குக் கொண்டு போயிட்டாகளே!"

ஈஸ்வரன் திரும்பித் தன் ஊரைப் பார்த்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், மழைக்குள், அவனுடைய வீட்டு அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அப்ப... இந்த வெளக்கு?"

"அது என் சோலி. தெனம் சாயங்காலம் வந்து போட்டுவிடணும்." இருளாயி அணைக்கரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடையை மடக்கினாள்.

"போட்ட கையோட மேல ஏறிடணும், ராத்திரி இங்க தங்கவே கூடாதுன்னு மந்திரி எங்கிட்ட சத்தியம் வாங்கிருக்காரு."