ஒரு கட்டம் தள்ளி

காலைப் பேப்பரில் வரும் செஸ் புதிரைப் பலகையில் அடுக்கியதும் தணிகாசலம் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். நிஜமான ஆட்டக்காரன் திரும்பப் பார்க்க மாட்டானாம்.

"இவளுக்குக் குதிரை எப்படிப் போகும்னுகூடத் தெரியாது" என்று விருந்தாளிகள் முன்னால் அவர் சிரித்த நாளிலிருந்து, அவர் குளிக்கப் போனதும் மனைவி மரகதவல்லி கறுப்பு ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிடுவாள். மூன்று நகர்த்தலில் முடிய வேண்டிய ஆட்டம் ஒருநாளும் முடியவில்லை. புதிர் போட்டவனைத் திட்டிப் பத்திரிகைக்கு ஏழு கடிதம் எழுதிவிட்டார்.

இன்று சோறு ஆறிப்போகும்வரை பலகையை முறைத்துக்கொண்டிருந்தவர் கத்தினார்: "முட்டாப்பய, இதையும் தப்பாத்தான் போட்டிருக்கான்!"

ரசத்தை ஊற்றியபடி அவள் சொன்னாள்: "இன்னிக்கு நான் ராஜாவைத் தொடவேயில்லைங்க."