அஞ்சு ஸ்டார்

எடப்பாடியின் பெரிய மொபைல் ஷோரூமில் எனக்கு அன்று முதல் நாள் வேலை. மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதிர்ல உசேன் பாய் கடைக்குத்தானுங்க வந்தேன்,” என்றார் புது போன் வாங்க வந்தவர். “தண்ணியில உழுந்த போனை, காசே வாங்காம என் சம்சாரத்துக்குச் சரி பண்ணிக் குடுத்தாராம். அவருகிட்டயே வாங்கச் சொல்லி உட்டா. கடை பூட்டியிருக்குது. நாளைக்கு வாரேனுங்க.”

“சின்னக் கடைங்க. நாளைக்கு ஒரு ரிப்பேர்னா அலைய உட்ருவாங்க,” என்றேன், சொல்லிக்கொடுத்திருந்தபடியே.

அரை மனதாக இங்கேயே வாங்கிவிட்டார்.

“பாய்கிட்ட சொல்லிப்போடாதீங்க. மனசு கஷ்டப்படுவாரு.”

“சொல்ல மாட்டேனுங்க.”

“தன்மையாப் பேசுனீங்க. உங்க பேரைப் போட்டு அஞ்சு ஸ்டார் குடுக்கறேன். பேரு என்னங்க?”

மேனேஜர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உசேனுங்க.”

டைப் செய்யப் போனவர், எதிர்க்கடை போர்டைத் திரும்பிப் பார்த்தார்.