நிமிராத தலைகளுக்குப் பழகியவன்

மருந்துக் கம்பெனி ஆட்குறைப்பில் மெடிக்கல் ரெப் வேலை போனபின் அவனுக்குக் கிடைத்த முதல் நேர்காணல் இது. இதுவும் போனால் வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? தலைக்குமேல் ஏசி உறுமுகிறது, காலிப் பை மடியில் கனக்கிறது. இத்தனை வருடமும் மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர்களின் குனிந்த தலைகளிடம்தான் நின்றபடி மூச்சுவிடாமல் பேசியிருக்கிறான். இந்த மேலாளர் அம்மாவோ பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்க்கிறார். “அவசரமே இல்ல சார், உங்களப் பத்தி நிதானமா சொல்லுங்க.” படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கடகடவென ஒப்பித்து முடிக்கிறான். கை தானாகப் பைக்குள் போய், பேச்சு முடிந்ததும் டாக்டரிடம் நீட்டும் சாம்பிள் மாத்திரையைத் துழாவுகிறது. ஒன்றுமில்லை. சட்டென்று எழுந்துவிடுகிறான். “தேங்க்யூ டாக்டர்.” “உட்காருங்க சார்,” என்கிறார் அந்த அம்மா, மெதுவாக. “நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே.” நின்றே பேசிப் பழகிய முழங்கால் மடங்க மறுக்கிறது.