கூப்பிட்டால் திரும்பாதவள்

கிர்கிஸ்தானின் நாரின் நகர மருத்துவமனையில் டாக்டர் சைரா இரண்டு முறை கூப்பிட்டார்.

“உல்கான்! உல்கான்!”

ஆறு வயதுச் சிறுமி திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வகுப்புலயும் இப்படித்தானாம். மூளை வளர்ச்சியில ஏதோ குறையிருக்குன்னு டீச்சர் சந்தேகப்படறாங்க,” என்றார் டாக்டர்.

தாய் நுர்சாத்துக்கு மூக்கு விடைத்தது. “குறையா? நாங்க வந்த அந்தக் குதிரையை ஓட்டினதே இவதான். நான் கூப்பிட்டா ஒரே தாவுல வருவா.”

“எங்க, கூப்பிடுங்க பாக்கலாம்.”

“ஒட்டகக்குட்டி!”

சிறுமி தாவி வந்து மடியில் விழுந்தாள்.

“செல்லப்பேரு வேண்டாம்மா. உல்கான்னு கூப்பிடுங்க.”

“ஐயையோ! அது என் வீட்டுக்காரரோட பாட்டி பேரு. கிர்கிஸ் மருமக வாயால அதைச் சொல்லலாமா? என்னைப் பார்த்து வீட்டுல எல்லாருமே இவளை ஒட்டகக்குட்டின்னுதான் கூப்பிடறாங்க.”

டாக்டரும் ஒரு வீட்டு மருமகள்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சிறுமியிடம் குனிந்தார். “கண்ணு, உல்கான் யாரு?”

சிறுமி நெஞ்சை நிமிர்த்தினாள். “எங்க தாத்தாவோட அம்மா! ஓநாயையே சாட்டையால அடிச்சு விரட்டினவங்க. அவங்க செத்துப்போனது டீச்சருக்குத் தெரியாது, பாவம். தினமும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க.”