ஓய்வு ஞாயிறு

"வேலை நினைப்பே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னொரு தடவை மயங்கி விழுந்தா நான் தூக்க மாட்டேன்," என்றாள் லொரெய்ன்.

கணவர் வெர்னன் தலையாட்டினார். யாருக்கும் அவர்களைத் தெரியாத ஒஹாயோ ஊர் ஒன்றின் தேவாலயத்தில், கடைசி வரிசையில் சமர்த்தாக உட்கார்ந்தார். பிரசங்கம் முழுக்கத் தூங்கினார். லொரெய்னுக்கு நிம்மதி.

ஆராதனை முடிந்ததும் ஆளைக் காணோம். தேடிப் போனாள். வழக்கமாகப் போதகர் நின்று சபையை வழியனுப்பும் வாசலில் அவர் நின்று, வெளியேறுகிறவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டிருந்தார்.

"முழங்கால் வலி தேவலையாம்மா?" என்று முன்பின் தெரியாத கிழவியை விசாரித்தார்.

உள்ளூர்ப் போதகர் வந்து நின்று பார்த்தார். "நீங்க எந்தச் சபைக்குப் போதகர்?"

வெர்னன் கையை இழுத்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க. இருபது வருசப் பழக்கம். ஓய்வுல அனுப்பியிருக்காங்க."

"ஐயையோ, நிறுத்தாதீங்க பிரதர்!" போதகர் தன் அங்கியைக் கழற்றி வெர்னன் தோளில் போட்டார். "நான் பின்வாசல் வழியா ஓடிடறேன்."