ஓம வாசம்

அம்மாவின் ஈரலில் நாய்ப்புழுவின் நீர்க்கட்டி இருந்தது. சுகாதார நிலையத்தில் அவள் கைத்தோலுக்கு அடியில் நெல்மணி அளவுக் குப்பி ஒன்றை வைத்துத் தைத்தார்கள். ஓம எண்ணெயும் புழு மருந்தும் சேர்ந்து அதிலிருந்து ஆயுள் முழுக்கக் கசியும். கட்டி சுருங்கத் தொடங்கியது. அம்மாவின் வியர்வையும் ஓமமாக மணக்கத் தொடங்கியது.

"பிள்ள பெத்தவ மாதிரி மணக்கேன்" என்று சிரித்தாள்.

மார்கழியில் செவலை ஆடு ஈன முடியாமல் தவித்தது. எப்போதும் போல அம்மாதான் கையை உள்ளே விட்டுக் குட்டியை இழுத்தாள். செவலை குட்டியை மோந்து பார்த்து முட்டித் தள்ளியது. அதன் பனிக்குட நீரையே எடுத்துக் குட்டியின் மேல் பூசினேன். அப்படிப் பூசினால் எந்தத் தாயும் சேர்த்துக்கொள்ளும். செவலை மறுபடியும் முட்டியது.

அம்மா தன் கையை மோந்து பார்த்தாள். "இனிமே நீயே இழுத்துப் போடுட்டி. நான் பட்டிக்குள்ள வரல."

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம், "இத எடுத்துருங்க" என்றாள்.

"எடுத்தா கட்டி திரும்ப வளரும்க்கா. உள்ள வெடிச்சா பொழைக்க மாட்டீங்க."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

இப்போது பட்டிக்கு வெளியே, தன் மீது படும் காற்று ஆடுகள் பக்கம் போகாத இடமாகப் பார்த்து உட்காருகிறாள். குட்டி விழும்போதெல்லாம் "என்ன நெறம்ட்டி?" என்று அங்கிருந்தே கேட்கிறாள்.

செவலையின் குட்டி அம்மா ஊட்டிய புட்டிப்பாலில் வளர்ந்துவிட்டது. மந்தையில் விட்டால் மற்ற ஆடுகள் அதை மோந்து பார்த்து விலகிப் போகின்றன. அது ஓடி வந்து அம்மாவின் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொள்கிறது.

"போடா, உங்கம்மாட்ட போ" என்று அம்மா தள்ளிவிடுகிறாள்.

அது போவதில்லை.